அத்தை இறந்த தேதி

விடியற்காலையில் உயிர் பிரிந்து கட்டிலில் கிடந்த அப்பாவுக்குச் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது சின்னவளின் போன் அதிர்ந்தது. குடும்ப வம்சமரம் போடும் இணையதளத்திலிருந்து ஒரு செய்தி.

'உன் மரத்துல நான் செத்து ஒன்பது வருஷம் ஆச்சுன்னு போட்டிருக்க. நல்லாத்தான் இருக்கேன். என் தம்பி எப்படி இருக்கான்?'

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றான் அண்ணன்.

"அத்தை உயிரோட இருக்காங்கண்ணா."

விரும்பியவனோடு நாற்பது வருடத்துக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போனவள் அத்தை. அக்காவைக் கண்டுபிடித்துக் கொடு என்று அப்பா கேட்டதால்தான் சின்னவள் அந்த மரத்தையே ஆரம்பித்தாள். இரண்டு ஆதாரம் இல்லாமல் ஒரு தேதியும் ஏற்றக்கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள். அத்தைக்கு மட்டும் ஒரே ஒரு இறப்புப் பதிவு. பெயர் சரி, தகப்பன் பெயர் சரி, வயதில் மட்டும் மூன்று வருடம் இடித்தது. எழுதியவர் தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு 'இணை' என்பதை அழுத்திவிட்டாள். போய் அப்பாவிடமும் சொன்னாள்.

"சரிம்மா" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அக்கா பேச்சையே எடுக்கவில்லை. அது ஆறு மாதத்துக்கு முன்னால்.

அப்பா போய்விட்டதையும் வீட்டு முகவரியையும் சொல்லி அவள் பதில் போட்டாள். இரண்டு மணி நேரத்தில் அத்தை வாசலில் நின்றாள். அவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள்.

"அப்பாகிட்ட சொன்னதை மட்டும் உளறிடாத," என்று அண்ணன் காதைக் கடித்தான். "வயசானவங்க, தாங்க மாட்டாங்க."

"நீதானா என்னைக் கொன்னவ?" என்று சிரிக்கப் பார்த்தாள் அத்தை. பார்வை கட்டிலுக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னைத் தேடினானா?"

"அப்பா கேட்டுத்தான் நான் தேடவே ஆரம்பிச்சேன், அத்தை."

"அப்போ, நான் செத்துட்டேன்னு அவன்கிட்ட சொல்லிட்டியா?"

அண்ணன் இருமினான்.

"சொல்லிட்டேன்."



"அழுதானா?"

"சரிம்மான்னு மட்டும் சொன்னார்."

"அவ்வளவுதான் சொல்லுவான்."

சின்னவள் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அத்தை உட்காரவில்லை. நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ப் போட்டாள்.

"இந்தக் காதுதான் அவனுக்கு நல்லா கேக்கும்," என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள்.