ஏழு புத்தகங்களும் ஒரு வரியும்

சுஜாந்தினி அரிசிக் கிண்ணத்தை நீட்டியபோது பிரித்தா ஒரு கிள்ளு எடுத்து மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள்.

"இதை என்ன செய்யிறது?"

"அவரின்ரை வாயிலை போடோணும்."

"பச்சையாவோ?"

"ஓம். எங்கடை வழக்கம். வாய்க்கரிசி."

பிரித்தா, சுஜாந்தினியின் கணவர் ரூனேயின் அக்கா. எழுபத்தெட்டு வயதில், வட சுவீடனிலிருந்து இரண்டு நாள் ரயிலேறி டென்மார்க்கின் எஸ்பியர்க்குக்கு வந்திருந்தாள். அவள் சுவீடிஷில் மெல்லக் கதைப்பாள், சுஜாந்தினி டேனிஷில் பதில் சொல்லுவாள். சுஜாந்தினியின் காதில் இரண்டும் தமிழாகவே விழுந்தன. பெட்டிக்குள் கிடந்த தம்பியின் உதட்டில் அரிசியை வைத்துவிட்டுப் பிரித்தா அவருடைய கழுத்துப்பட்டியைச் சரிசெய்தாள்.

பதினொன்றரைக்குப் பெட்டியை மூடிவிட வேண்டும். பன்னிரண்டுக்கு அந்த மண்டபத்தில் இன்னொருவருக்கு இறுதிச் சடங்கு. தேவராசா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலுக்கும் பெட்டிக்குமாக நடந்துகொண்டிருந்தார். தங்கை வெள்ளைக்காரனைக் கட்டிவிட்டாள் என்று மூன்று வருடம் முகங்கொடுத்துக் கதையாமல் இருந்த அண்ணன் அவர். இப்போது ஓடியாடி எல்லாம் செய்வதும் அவர்தான். மரண அறிவித்தலையும் அவரே அடித்திருந்தார்: 'சுவீடனைப் பிறப்பிடமாகவும் டென்மார்க் எஸ்பியர்க்கை வதிவிடமாகவும் கொண்ட, மீன் தொழிற்சாலையின் ஓய்வுபெற்ற ஊழியர் அமரர் ரூனே...'

காலையில் அதைப் படித்துவிட்டு சுஜாந்தினி கேட்டாள். "எழுத்தாளர் எண்டு போடேல்லையே, அண்ணை?"

"போட்டால் சனம் என்ன எழுதினவர் எண்டு கேக்கும். உனக்குச் சொல்லத் தெரியுமே?"

தெரியாது. அதுதான் அவளைக் குத்தியது.

பதினாலு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு மரம் வெட்டப் போனவர் ரூனே. பிறகு கப்பல். கப்பலில் பழைய அகராதியொன்றைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துப் படித்துத் தீர்த்தாராம். எஸ்பியர்க்கில் இறங்கி மீன் வெட்டும் மேசைக்கு வந்தபோதுதான் எழுத்து வந்தது. கை முழுக்க மீன் ஈரம். பென்சில் பிடிக்க முடியாது. அதனால் ஒரு வரியை வாயால் பத்துத் தரம் சொல்லிப் பார்ப்பார். சரியென்று பட்டதும் கத்திப்பிடியால் மேசையில் இரண்டு தட்டு. இடைவேளையில் ஓடிப்போய் எழுதுவார். பக்கத்து மேசையில் நின்ற சுஜாந்தினி முதலில், பாவம், மனுசனுக்கு மூளை பிசகு என்றுதான் நினைத்தாள்.

வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. நாற்காலியில் இருந்தால் அவருக்கு எழுத்து வராது. சமையலறைக்குப் பக்கத்தில், உடுப்புத் தோய்க்கும் சிற்றறையில், இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றபடி முணுமுணுப்பார். பிறகு டக், டக். இருபத்தெட்டு வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் சமைத்தாள். டேனிஷ் தெரிந்தவர்களுக்குச் சுவீடிஷ் பாதி விளங்கும் என்பார்கள். ரூனே எழுதியதோ வடக்கத்திக் காட்டுப்பேச்சு. அந்தப் பாதியிலும் பாதிதான். ஏழு புத்தகங்கள் வந்தன. ஒவ்வொன்றும் வந்தவுடன் தன் பெயரைத் தேடி முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை புரட்டினாள். அவருடைய அம்மாவின் பெயர் இருந்தது. அவர்கள் வீட்டுக் குதிரையின் பெயர்கூட இருந்தது.

ஒருமுறை வெட்கத்தை விட்டுக் கேட்டாள். "என்னைப் பற்றி ஒரு வரியாவது எழுதினனீங்களோ?"

"கிட்ட நிக்கிற ஆளை எழுத எனக்கு இன்னும் பிடிபடேல்லை" என்றார் ரூனே. அவள் அன்றைக்குக் கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டாள்.

பத்து நாளைக்கு முந்தி, செவ்வாய்க்கிழமை முற்பகல் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சிற்றறையில் ஒரே வரி திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு இரண்டு தட்டு. அப்பாடா, முடித்துவிட்டார் என்று அடுப்பைக் குறைத்துவிட்டு, "இஞ்சேருங்கோ, சாப்பிட வாங்கோ" என்று கூப்பிட்டாள். புருசனைப் பெயர் சொல்லாமல் கூப்பிடும் 'இஞ்சேருங்கோ'வைத் தமிழில் தன்னுடைய பெயர் என்றே ரூனே நம்பியிருந்தார், அவளும் திருத்தவில்லை. எப்போதும் ஓர் 'ஓம்' வரும். அன்றைக்கு வரவில்லை. மூன்றாம் தரமும் கூப்பிட்டுவிட்டுத்தான் எட்டிப் பார்த்தாள். இஸ்திரி மேசையடியில் பென்சில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவர் கிடந்தார்.

பிரித்தா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். தம்பியின் கடைசிக் கொப்பி அவள் கையில் இருந்தது. கடைசிப் பக்கத்தை வாசித்தாள். சனம் தலையைக் குனிந்து மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. மூச்சு விடவேண்டிய இடத்தில் பிரித்தா நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனாள். சுஜாந்தினியின் விரல், ரூனே தட்டிய இடங்களில் எல்லாம் கிண்ணத்தின் விளிம்பைத் தட்டியது. பிரித்தா கொப்பியை மூடினாள்.

"இவ்வளவுதான். பதிப்பகக்காரர் காத்துக்கொண்டிருக்கினம். ஆனால் இது முடியேல்லை, நடுவழியிலை நிக்குது."

"இல்லை. இன்னொண்டு இருக்கு" என்றாள் சுஜாந்தினி.

"பிறகு ஒண்டும் எழுதேல்லை. பாத்தனான்."

"எழுதேல்லை. ஆனால் தட்டினவர். இரண்டு தட்டு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல், ரூனே இழுத்த இடத்தில் இழுத்து, நிறுத்திய இடத்தில் நிறுத்திச் சொன்னாள். சொல்லி முடித்ததும் பெட்டியின் ஓரத்தில் இரண்டு தரம் தட்டினாள். நடந்துகொண்டிருந்த தேவராசா நின்றுவிட்டார்.

பிரித்தா எழுத இடம் தேடி, அறிவித்தல் துண்டைப் பின்பக்கம் திருப்பினாள். "திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னாள். எழுதிய வரியைப் பிரித்தா நெடுநேரம் பார்த்தாள்.

"இது என்னெண்டு தெரியுமோ உனக்கு?"

"இல்லை."

பிரித்தா ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு, டேனிஷ் தெரிந்தவளுக்கு விளங்கும்படி மெல்லச் சொன்னாள். "அடுப்பிலை சோத்துப்பானை மூடி தட்டத் தொடங்கீட்டுது. இனி அவள் என்னைக் கூப்பிடுவாள். நான் போவன்."

கிண்ணத்திலிருந்து கொஞ்ச அரிசி நிலத்தில் சிந்தியது. சுஜாந்தினி குனிந்து பொறுக்கவில்லை. ஏழு புத்தகத்தில் தேடியதைத் தன் வாயிலேயே பத்து நாள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். அந்த ஒரு 'அவள்' அவளுக்குப் போதுமாயிருந்தது. போதாமலும் இருந்தது. இன்னும் ஒரு வரி, இன்னும் ஒரு முற்பகல் வேண்டும்போல் இருந்தது.

மண்டபத்து ஆட்கள் இருவர் வந்து நின்றார்கள். தேவராசா அவர்களிடம் டேனிஷில், "ஐந்து நிமிடம்" என்றார். பிறகு தங்கையின் தோளைத் தொட்டார்.

"நீ போடு, பிள்ளை. கடைசியா நீதான்."

அவள் மிச்ச அரிசியை அள்ளி ரூனேயின் வாயில் வைத்தாள். பிறகு காதருகே குனிந்தாள்.

"இஞ்சேருங்கோ."

சமையலறையில் அவருடைய 'ஓம்' வரும்வரை எவ்வளவு நேரம் நிற்பாளோ அவ்வளவு நேரம் நின்றாள். பின்பு விலகி வழிவிட்டாள். மண்டபத்து ஆட்கள் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிவந்து வைத்த மூடி, ஒரு சத்தமும் இல்லாமல் பொருந்தியது.