கடைசிக் கட்டத்துக் குழந்தை

அழ வேண்டிய இடத்தில் குப்பண்ணன் சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? "எத்தனை படி தேறுமுங்க அம்மிணி?" என்று கேட்டுவிட்டு, தன் டீக்கடையில் இருந்த லாரிக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு என் படத்தைக் காட்டினார். வாளையார் செக்போஸ்டில் முறைக்காகக் காத்துக் கிடப்பவர்களுக்கு வேறென்ன வேலை? கையில் டீ கிளாஸோடு ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள், ஆளாளுக்குச் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். படத்தைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அது என் முதல் படக்கதையின் கடைசிக் கட்டம். கோயம்புத்தூர் வாரப் பத்திரிகை ஒன்றுக்காக வரைந்தது. என் வீட்டுக்காரர் சென்னியப்பன் லாரிகளில் பெயரும் பூவும் எழுதும் பெயிண்டர். அவருடைய மெல்லிய பிரஷ்களை எல்லாம் நான் சுருட்டிக்கொள்கிறேன் என்று அவருக்குத் தீராத மனக்குறை. கதை இதுதான்: ஆனைக்கரை ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த புருஷன் இறந்துபோகிறான். அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு மலையிறங்கி, கோயம்புத்தூர் வந்து, வாளையாரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் புறப்படுகிறாள். கடைசிக் கட்டத்தில் செக்போஸ்டின் குறுக்குக் கம்பத்துக்கு முன்னால் காவலர் அவளை நிறுத்துகிறார். அந்தப் பக்கம் தாய்வீடு, இந்தப் பக்கம் அவள்.

மற்ற பக்கங்கள் பத்திரிகை ஆசிரியருக்குப் பிடித்திருந்தன. கடைசிக் கட்டத்தில் மட்டும் நான் எழுதியிருந்த வசனத்தை விரலால் மூடிக் காட்டினார். "இது இல்லீன்னா படம் ஊமையா நிக்குதுங்க. வசனமே இல்லாம வரைஞ்சுட்டு வாங்க. முதல்ல உங்க ஊர்ல நாலு பேருகிட்டக் காட்டுங்க, பார்த்ததும் அவங்க மனசு கலங்கோணும். வியாழக்கிழமை அச்சுக்குப் போகுது. சரியா வரலீன்னா எங்க ஓவியரே திருத்தி வரைஞ்சுக்குவாரு. அப்புறம் பேரும் அவரு பேருதான் போகும்."

என் கதை, என் கோடு, இன்னொருத்தர் பெயர். விடுவேனா? அதனால்தான் வசனம் இல்லாமல் புதிதாக வரைந்து முதல் வேலையாகக் குப்பண்ணன் கடைக்குக் கொண்டுபோனேன்.

அவர் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் அரிசி கொண்டுவரக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த காலம் அது. கோயம்புத்தூர்ப் பக்கம் போய் அரிசி வாங்கி, பழைய சேலையில் சுற்றி, பிள்ளையைப் போலத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே வருவது எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கைவந்த கலை. வாளையாரில் துணிச் சுருளோடு ஒருத்தி காவலர் முன்னால் நின்றால், அதைக் குழந்தை என்று நினைக்கிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான்.

"நீங்களாவது சொல்லுங்க, குழந்தை மாதிரித் தெரியலீங்களா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

அவர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். "கோவிச்சுக்காத ராமாத்தா. பச்சரிசியா புழுங்கலான்னுதான் தெரியல."

அன்றைக்கு அவருக்கு வெறும் ரசம்தான்.

மறுநாள் படத்தைச் சுருட்டிக்கொண்டு செக்போஸ்டுக்குப் போனேன். கோயம்புத்தூர் பஸ் வந்து நின்றது. பக்கத்து வீட்டு மருதாத்தாள் இறங்கி வரிசையில் நின்றாள், தோளில் 'குழந்தை'. நான் படத்தை விரித்து, அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

மருதாத்தாளின் கண் காவலரை விட்டு நகரவே இல்லை. குழந்தையை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. என் படத்துப் பெண்ணும் காவலரைத்தான் பார்த்தாள், பயம் தெரியட்டும் என்று நான் அப்படி வரைந்திருந்தேன். மருதாத்தாளின் சேலைச்சுருள் தலையிலிருந்து கால்வரை மூடியிருந்தது, மூச்சுவிட ஒரு இடுக்கு இல்லை. என் படத்திலும் அப்படியே. நான் குழந்தை முகம் வரைந்தால் அறுபது வயது ஆள் மாதிரி வரும், அதற்குப் பயந்து மூடியிருந்தேன். மருதாத்தாள் இரண்டு கையையும் அடியில் கொடுத்துப் பாரம் தாங்கினாள், படத்துப் பெண்ணும் அதையே செய்தாள். நான் மனதில் ஒரு தாயை நினைத்திருக்கிறேன். என் கை மருதாத்தாளை வரைந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து மூன்றையும் திருத்தினேன். தாய் குனிந்து குழந்தையைப் பார்த்தாள். துணி விலகி முகம் தெரிந்தது. ஒரு கை முதுகில் பரிவோடு படிந்திருந்தது. யார் பார்த்தாலும் குழந்தை என்றுதான் சொல்வார்கள். ஆனால் படம் செத்துக் கிடந்தது. காலண்டரில் தொங்கலாம், அவ்வளவுதான். பார்த்த மாத்திரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது, அப்புறம் கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

எழுந்து போய் முகம் கழுவினேன். இந்த ஊரில் யாருக்கு எதைக் காட்டினாலும் அரிசி என்றுதான் நினைக்கிறார்கள் என்று கருவிக்கொண்டே துடைத்தேன். துடைத்த கை அப்படியே நின்றது. படத்துக்குள்ளே நிற்கும் காவலரும் இந்த ஊரில்தானே நிற்கிறார்? அவரும் அரிசி என்றுதானே நினைப்பார்? நினைக்கட்டுமே!

நான் போட்ட சத்தத்தில் வாசலில் லாரிப் பலகைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவர் பிரஷைக் கீழே போட்டுவிட்டார்.

இந்தத் தடவை முகங்களே வேண்டாம் என்று வைத்தேன். அவள் முகமும் இல்லை, காவலர் முகமும் இல்லை. கட்டம் முழுவதும் அந்தத் துணிச்சுருளுக்குப் பக்கத்தில் போய்விட்டேன். இடது மேல் மூலையிலிருந்து குறுக்குக் கம்பத்தைத் தடித்த கோடாகச் சாய்த்து இழுத்தேன். பார்க்கிறவர் கண் அதில் வழுக்கி இறங்கி, காவலரின் சட்டைக்கைக்கு வரும். சட்டைக்கையிலிருந்து விரலுக்கு. விரல் துணியை விலக்கிப் பார்க்க மடிப்புக்குள் நுழைகிறது. துணி முழுக்க மை, கன்னங்கரேல் என்று. அந்தக் கறுப்புக்கு நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் மை படாத வெறும் காகிதம்: காவலரின் விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கை.

சென்னியப்பன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். உள்ளே போய், என் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்த பிரஷ் ஒன்றை எடுத்துவந்து நீட்டினார். ஊசி முனை போல மெல்லியது. "நகத்துக்கு இது வேணுமல்ல?" என்றார். அந்த மனுஷனை அப்போது கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கையெல்லாம் மை.

வியாழக்கிழமை காலையில் பஸ்ஸுக்குப் போகும் வழியில் குப்பண்ணன் கடையில் ஏறினேன். என்னைப் பார்த்ததுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மறுக்காவும் அரிசிங்களா?" என்று கையை நீட்டினார். சுருளைப் பிரித்துக் கொடுத்தேன்.

சிரித்துக்கொண்டேதான் பார்க்கத் தொடங்கினார். அவர் கண் கம்பத்தில் இறங்கியது, சட்டைக்கைக்கு வந்தது, விரலுக்கு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. படத்தை மேசைமேல் வைத்துவிட்டு, தோள் துண்டில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் எடுத்தார். பின்னால் நின்ற லாரிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"பையனுங்களா, பொண்ணுங்களா?" என்று கேட்டார் குப்பண்ணன்.

அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. "பொண்ணுங்க" என்றேன்.

"அந்தக் கம்பத்தைத் தூக்கச் சொல்லுங்க அம்மிணி. கைப்புள்ளைய வெச்சுட்டு எத்தனை நேரம் நிப்பா, பாவம்."

பத்திரிகை ஆபீசில் ஆசிரியர் படத்தை நெடுநேரம் பார்த்தார். விரலால் மூட அதில் வசனம் இல்லை. பிறகு பேனாவைத் திறந்தார். "பேரை எப்படிப் போடட்டுங்க?"

"ராமாத்தாள், வாளையார்."

"ஊர்ப் பேர் எதுக்குங்க?"

"நம்ம ஊர்ப் படம்னு குப்பண்ணன் எல்லாருக்கும் காட்டோணுங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.