ஒரே அமுக்கில் போன கீழத்தெரு

2004ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, மேலூருக்குக் கிழக்கே இருக்கும் வெள்ளரிக்குளத்தின் கீழத்தெரு அறுபத்திரண்டு வீடுகளோடு காணாமல் போனது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. தெருவுக்கு இந்தப் பக்கம் இருந்த வயலும் அந்தப் பக்கம் இருந்த வயலும் வரப்போடு வரப்பு ஒட்டிக்கொண்டன. நடுவே ஒரு சாண் இடம்கூட மிச்சமில்லை. அன்று கீழத்தெருவில் காளியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். அதனால் கல்குவாரிக்குப் போகிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள், பிள்ளைகுட்டிகள் எல்லோரும் தெருவில்தான் இருந்தார்கள். வராதது தமிழ்வாணி மட்டும். தெருவை எடுத்த பொத்தானைச் செய்தவளும் அவள்தான்.

தமிழ்வாணி அந்தத் தெருவில் எம்.சி.ஏ. முடித்த முதல் ஆள். அம்மா ஒச்சம்மாள் நாற்று நட்டுப் படிக்க வைத்தவள். 2002இல் கோரிப்பாளையத்தில், அத்தர் கடைக்கு மேல் மாடியில் இருந்த ராமதாஸின் கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. ராமதாஸ் சௌராஷ்டிரக்காரர், திருநகரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார், கோபம் வந்தால் மட்டும் தன் வீட்டு பாஷையில் முணுமுணுப்பார். அப்போது ஓர் அரசு அலுவலகம் அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. முந்நூறு ஊர்களுக்கு ஒரு வெப்சைட். ஊருக்கு ஒரு பக்கம். அதில் தெருக்கள், பஸ் நேரம், தண்ணீர் நிலவரம் எல்லாவற்றையும் அந்தந்த ஊர் பஞ்சாயத்து கிளார்க்கே எழுத வேண்டும். ராமதாஸ் செய்து கொடுத்தது முழுக்க இங்கிலீஷில் இருந்தது. ஒரு பஸ் நேரத்தை மாற்ற ஒன்பது திரை தாண்ட வேண்டும். ஒரு வருஷமாக யாரும் ஒரு வரி எழுதவில்லை. பல ஊர்களில் கம்ப்யூட்டருக்குத் துண்டு போர்த்திப் பொட்டு வைத்திருந்தார்கள்.

“படிச்சவன் செஞ்சது, படிச்சவனுக்கே புரியல. நீ போய் அவங்க பக்கத்துல ஒக்காந்து பாரும்மா” என்று ராமதாஸ் அவளை அனுப்பினார். அவள் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்தாள். சொந்த ஊரின் கிளார்க் சுடலையிடம்தான் அதிக நாள் உட்கார்ந்தாள். ஐம்பது வயசு சுடலை, திரையில் தெரியும் அம்பை மேலே நகர்த்த மவுஸை மேஜையிலிருந்து தூக்கிப் பிடித்தார். திரையில் எந்தக் கேள்வி வந்தாலும் எழுந்து நின்றுவிடுவார். அவரைப் பார்த்துப் பார்த்து அவள் ஒவ்வொன்றாகக் கழித்தாள். இங்கிலீஷ் போனது. ஒன்பது திரை மூன்றாகி, பிறகு ஒன்றானது. ‘பதிவேற்று’ என்று இருந்ததை ‘போடு’ என்றும், ‘நீக்கு’ என்று இருந்ததை ‘எடுத்துடு’ என்றும் மாற்றினாள். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது.

“இது ஏன் பாப்பா என்னையப் பாத்து ‘உறுதியா?’ன்னு கேக்குது? ஏதும் தப்புப் பண்ணிட்டனா?”

“இல்லண்ணே, சும்மா ஒரு வார்த்தை கேக்குது.”

“சும்மாதான்னா எதுக்குக் கேக்கணும்?”

அது நியாயமாகத்தான் பட்டது. திங்கட்கிழமை அலுவலகத்தில் காட்ட வேண்டியிருந்ததால், கூழ் ஊற்றுவதற்கு வரச் சொன்ன அம்மாவிடம் அடுத்த வாரம் வாரேன் என்று சொல்லிவிட்டு, அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தக் கேள்வியையும் எடுத்துவிட்டாள்.

இதற்கு முன்பே பக்கங்கள் எழுதினபடி ஊர்கள் நடக்கத் தொடங்கியிருந்தன. ஒரு ஊரில் ஆறே முக்கால் பஸ்ஸைக் கைதவறி ஐந்தே முக்கால் என்று போட்டார்கள், பஸ் மறுநாளிலிருந்து ஐந்தே முக்காலுக்கு வந்தது. டிரைவரைக் கேட்டதற்கு எப்பவும் இதான நேரம் என்றார். இன்னொரு ஊரில் சோலையம்மாள் என்ற கிளார்க், வறண்டு கிடந்த ஊருணிக்கு நேரே பழைய வழக்கத்தில் ‘நிறைந்துள்ளது’ என்று எழுதிவிட்டாள். விடியும்போது ஊருணி நிறைந்து, படியில் தவளைகள் உட்கார்ந்திருந்தன. தகவல்கள் மிகத் துல்லியமாக இருப்பதாக அலுவலகம் ராமதாஸுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதியது. அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

வெப்சைட் பக்கத்தில் பெயர் உள்ள எல்லாத் தெருவுக்கும் தார் ரோடு என்று உத்தரவு வந்திருந்தது. கீழத்தெருவுக்கு ரோடு போட்டால் முத்திருளனின் வயலில் எட்டடி போகும். முத்திருளன் மேலத்தெருவின் பெரிய கை. ஞாயிறன்று சுடலையைப் பஞ்சாயத்து ஆபீசைத் திறக்கச் சொன்னார்.

“கீழத்தெருவ அதுல இருந்து எடுத்துரு.”

“தெரு இருக்கேய்யா.”

“இருந்துட்டுப் போகட்டும். அதுல இருக்க வேணாம்.”

சுடலை அமுக்கினார். அது ஒன்றுமே கேட்கவில்லை.

செய்தி கேட்டுத் தமிழ்வாணி மேலூர் போய், டவுன் பஸ் பிடித்து, இறங்கி, பாதை திரும்ப வேண்டிய இடத்தில் நின்றாள். திரும்புவதற்குப் பாதை இல்லை. வரப்பில் இரண்டு தடவை போய் வந்தாள். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தூரத்தில் நின்ற சுடலை பக்கத்தில் வரவில்லை. கீழத்தெருவில் காளையின் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் காயின் போன் உண்டு. ஒரு நினைப்பில், பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்து அந்த நம்பரைப் போட்டாள். மணி அடித்தது. வெப்சைட் பக்கத்தில் போன் நம்பர் எழுதக் கட்டம் கிடையாது, அதனால் அது போகவில்லை.

“யாரு, தமிழா? இரு, ஒங்கம்மாவக் கூப்புடுறேன்” என்றார் காளை.

“எப்படி மாமா இருக்கீங்க எல்லாரும்?”

“எங்களுக்கென்ன. தபால்காரர் வரல, பஸ் நிக்கல. அது எப்பவும் உள்ளதுதான்.”

கீழத்தெருவிலிருந்து பார்த்தால் காணாமல் போனது மற்ற மூன்று தெருக்கள்தான். கோயில், பள்ளிக்கூடம், முத்திருளன் வீடு எதுவும் இல்லை. நிலம் மட்டும் கண்மாய்க்கரை வரை அப்படியே கிடந்தது, கேட்க ஆளில்லாமல். அம்மா போனுக்கு வந்ததும் தமிழ்வாணி, இந்தா இப்பவே திரும்பப் போட்டுடுறேன்ம்மா, ஒரே அமுக்குதான் என்றாள்.

“பொறு ஆத்தா” என்றாள் ஒச்சம்மாள். “உழுதாச்சு. வெதைக்கணும்.”

விதைத்த பிறகு களை எடுக்கட்டும் என்றாள். தையில் அறுத்த பிறகு, அடுத்த வெள்ளாமையும் பார்த்துவிடலாம் என்றாள். அப்புறம் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழ்வாணி போன் போட்டாள். அம்மா குரலில் அதுவரை அவள் கேட்டிராத ஒரு அதட்டல் வந்திருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. போனை வைத்த பிறகு சாப்பாடு இறங்காது. தபால்காரர் அந்தத் தெருக் கடிதங்களை வரப்பில் கல்லுக்கு அடியில் வைக்கப் பழகினார். மறுநாள் கல் மட்டும் இருக்கும். அந்த வருஷம் எளிய பயன்பாட்டுக்கான கேடயம் ராமதாஸ் கம்பெனிக்குக் கிடைத்தது. மேடையில் அதை வாங்கியது தமிழ்வாணி.

2005 புரட்டாசியில் முத்திருளன் கோரிப்பாளையத்துக்கு மாடியேறி வந்தார். வெள்ளரிக்குளத்தில் நடவுக்கு ஆள் இல்லை. வெளியூர் ஆட்கள் இரண்டு நாளில் ஓடிப்போனார்கள். ஒரு போகம் தரிசாகவே கிடந்தது.

“இந்தாத்தா, ஆளுகள வரச் சொல்லு. நாத்து முத்திப்போச்சு.”

“எந்த ஆளுகளய்யா?”

“ஒங்க தெரு ஆளுகதான்.”

“அவுங்க வரமாட்டேங்குறாங்க.”

முத்திருளனுக்கு அது புரியவில்லை. “அவுங்களக் கேப்பாகளா? சுடலைய விட்டுப் போடச் சொல்லிக்கிடுறேன். ஒரே அமுக்குன்னான்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மேலூர் போய் வெள்ளரிக்குளம் சேர இரண்டு மணி நேரம் ஆகும். தமிழ்வாணி மத்தியானச் சோற்றைத் தள்ளி வைத்தாள். மூன்று வருஷமாகச் சுலபமாக்கத் தெரிந்தவளுக்கு, எங்கே தடுக்கும் என்பதும் தெரிந்திருந்தது. கீழத்தெருவுக்கு மட்டும் ஒரு தனித் திரை செய்தாள். அறுபத்திரண்டு வீட்டிலும் உள்ள ஒவ்வொருவருக்கும் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் எழுத வேண்டும். உங்களைவிட மூத்தவர் என்றால், அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றும் எழுத வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ‘போடு’ அமுங்காது. முத்திருளன் வெள்ளரிக்குளத்தில் இறங்கும்போது அது வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

“கருப்பு” என்று எழுதச் சொன்னார். நாற்பது வருஷமாக அவர் பம்புசெட்டில் கிடந்த ஆள்.

“அவரு அப்பா பேரு கேக்குதுய்யா.”

“அவன் அப்பனா? அவனும் எங்க தொழுவத்துலதான் கெடந்தான்.” பெயர் வரவில்லை. வேறொன்று எழுதலாம் என்றார். “ஒரு பொம்பள, நெட்டையா, நாத்து வெரசா நடுமே…”

சுடலைக்கு அவள் பெயர் ஒச்சம்மாள் என்று தெரியும். அவர் சொல்லவில்லை. முத்திருளன் சாயங்காலம் வரை அந்தத் திரையின் முன் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். பிறகு நிலத்தில் பாதியைத் தென்னைக்கு விட்டார்.

வெப்சைட் பாமர மக்களுக்குக் கடினமாக இருப்பதாக அலுவலகத்துக்குப் புகார் போனது. ராமதாஸ் அவளைக் கூப்பிட்டார். “ஏதாவது ரெண்டு கட்டத்தை எடுத்து விடும்மா.”

“எந்தக் கட்டம்னு சொல்லுங்க சார். எடுத்துடுறேன்.”

ராமதாஸ் ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். பிறகு தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

தமிழ்வாணியின் கல்யாணத்தை ஒச்சம்மாள் காளை கடைப் போனில் கேட்டாள். தாலி கட்டும்போது மேளக்காரர் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டார்கள். பேத்தி பிறந்த அழுகையையும் அப்படித்தான் கேட்டாள். 2009 மாசியில், நெல் அறுப்புக்கு நிற்கும்போது, காளை அவராகவே போன் போட்டார். “தமிழு, அம்மா முந்தாநாளு விழுந்தவ எந்திரிக்கல. காலம்பற போயிட்டா. சாயங்காலம் எடுக்குறோம்.”

தமிழ்வாணி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அந்தத் திரையை நிரப்பத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கருப்புவின் அப்பா பெயரில் தொடங்கி, மூத்தவர்களை மாமா என்றும் சின்னாத்தா என்றும் எழுதிக்கொண்டே போனாள். நாலரை மணிக்கு அறுபத்திரண்டாவது வீடும் முடிந்து, ‘போடு’ பச்சையாகித் தயாராக நின்றது. அமுக்கினால் அம்மா முகத்தை ஒரு தடவை பார்க்கலாம். அமுக்கினால் நிற்கிற நெல் முத்திருளனுடையது. காளைக்குப் போன் போட்டு, “கொட்டு கேக்குற மாதிரி வைங்க மாமா” என்றாள். கொட்டுச் சத்தம் தெரு முனை தாண்டி, தேய்ந்து, நிற்கும் வரை கேட்டாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்தாள். எழுதினதெல்லாம் போனது.

சுடலை ஓய்வு பெற்று, தங்கப்பொண்ணு என்ற புது கிளார்க் வந்தாள். அந்த வருஷம் கணக்கெடுக்க வந்த ஆபீசர், வெள்ளரிக்குளத்தில் எத்தனை தெரு என்று கேட்டார்.

“போய்ப் பாக்குறது மூணு சார். போன்ல கேக்குறது ஒண்ணு.”

ஆபீசர் நாலு என்று எழுதிக்கொண்டு, அடுத்த ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.