பரஸ்தானப் பை

ஊரில் எல்லாருக்கும் ஆனி, ஆடி, ஆவணி என்று மாதம் போனால், பொழிச்சலூர் ரோஹிணிக்கு மட்டும் கனடா, இங்கிலாந்து, இத்தாலி, சிங்கப்பூர் என்று போகும். எல்லாம் கார் ரேஸ் நடக்கிற ஊர்கள். அவளுக்கு அவ்வளவு ரேஸ் பைத்தியமா என்று கேட்டுவிடாதீர்கள். பதினொரு வருஷத்தில் ஒரு ரேஸைக்கூட, டிவியில்கூட, முழுசாகப் பார்த்தவள் இல்லை. காசுள்ள மகராசர்கள் தனி விமானம் பேசிக்கொண்டு ரேஸ் பார்க்கப் போவார்கள். அந்த விமானத்தை மீனம்பாக்கத்தில் கிளப்பி, அங்கே இறக்கி, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிற ஏற்பாடெல்லாம் அவள் வேலை பார்க்கும் கம்பெனியுடையது. கம்பெனி என்றால் முதலாளி, ரோஹிணி, சினேகா என்ற ஒரு சின்னப்பெண், மூன்று மேஜை. எந்த நாட்டு வானத்தில் பறக்க யாரிடம் அனுமதி, ரேஸ் கூட்டத்தில் விமானத்தை எங்கே நிறுத்துவது, யாருக்குப் பூண்டு ஆகாது, யாருடைய நாய்க்குட்டி கூட வருகிறது, எல்லாம் ரோஹிணி தலையில்தான். நாற்பத்தாறு வயசு. பார்த்தால் ஐம்பத்தாறு சொல்லலாம், அப்படி ஓய்ந்து போயிருந்தாள்.

கனடா ரேஸ் முடிந்த மறுநாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு இருக்கும். பல்லாவரத்து டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார். உடனே என்றால் அந்த வாரம் என்று அர்த்தம். இவள் என்ன செய்தாள்? ஜூலையில் ஒரு நாள் குறித்தாள். அன்றைக்கு இங்கிலாந்து ரேஸுக்குப் போகிற ஒருவரின் சமையல்காரருக்கு விசா வரவில்லை, ஓடிப்போனாள். செப்டம்பரில் மறுபடி குறித்தாள். இத்தாலிக்குப் போன விமானத்தில் ஏசி கெட்டது, அதற்கும் ஓடினாள். சுண்டைக்காய் இதற்குள் நெல்லிக்காய் ஆகிவிட்டது. மூன்றாம் தடவை டாக்டரம்மா திட்டவில்லை. "நீங்க படிச்சவங்க, நான் என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டார். அது திட்டைவிட மோசம். இந்தத் தடவை தலை போனாலும் தள்ளுவதில்லை என்று ரோஹிணி முடிவு கட்டினாள்.

குரோம்பேட்டை ஸ்கேன் சென்டரில் அதற்கான லேடி டாக்டர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவார். கூட்டம் நெரியும். ஆனால் காலை பத்தரை மட்டும் எப்போதும் காலியாகக் கிடக்குமாம். "ராகு காலத்துல யாரு மேடம் வருவா? உங்களுக்குப் பரவாயில்லன்னா போட்டுடறேன்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். போடு என்று சொல்லிவிட்டாள்.

கணவர் கஸ்தூரிரங்கனிடம் மூச்சுக்கூட விடவில்லை. அவர் ஒரகடத்தில் ஒரு ஃபாக்டரியில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் இரவு ஏழுக்குத்தான் வருவார். எதுவும் உறுதியாகாமல் பயணியிடம் சொல்லக்கூடாது என்பது ரோஹிணியின் ஆபீஸ் பழக்கம். அதையே வீட்டிலும் கடைப்பிடித்தாள். முடிவு தெரியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். நல்ல பழக்கம்தான் போங்கள்!

அந்த வெள்ளிக்கிழமையா பார்த்துச் சிங்கப்பூர் ரேஸும் வந்து தொலைத்தது. பீர்க்கன்கரணை சம்பந்தம் குடும்பத்துக்கு எட்டு சீட் விமானம். சம்பந்தம், மனைவி கிளியம்மாள், மகன் வெற்றிவேல், மருமகள், ஆக நாலு பேர். அந்தக் காலத்தில் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம். நிலத்துக்கு வந்த விலையில் இன்றைக்கு நாலு கல்யாண மண்டபம் இருக்கிறது. சம்பந்தம் பதினெட்டு வயசில் சோழவரம் ரேஸுக்கு லாரியில் தொங்கிக்கொண்டு போனவராம். சாவதற்குள் ஒரு தடவை பெரிய ரேஸ் பார்க்க வேண்டும் என்று ஆசை. மகன் பெரிய மனசு பண்ணி ஏற்பாடு செய்தான்.

ரேஸ் சமயத்தில் சிங்கப்பூரில் தனி விமானம் இறங்குவதற்கு நேரம் ஒதுக்கித் தருவார்கள். ஸ்லாட் என்று பெயர். கால் மணி தவறினால் போச்சு, அப்புறம் ஞாயிற்றுக்கிழமைவரை தொங்கலில் விட்டுவிடுவார்கள். கடைசி நேரத்தில் கேட்டதால் இவர்களுக்குக் கிடைத்த ஸ்லாட்டுக்குச் சென்னையில் காலை பதினொன்று பத்துக்குள் கிளம்பியாக வேண்டும். வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு. சம்பந்தம் போனிலேயே குதித்தார்.

"இன்னாம்மா இது! ராவு காலத்துல ஏத்தி உட்டு எங்கள மேல அனுப்பப் பாக்கிறியா? சும்மா குடுத்தாலும் அந்த நேரத்துல நான் காலெடுத்து வைக்க மாட்டேன்."

ரோஹிணி மூன்று நாள் அலைந்தாள். வேறு ஸ்லாட் ஒன்றும் தேறவில்லை. முதலாளி கழுத்தை நெரித்தார், இந்தப் பயணம் கெட்டால் உன் மேஜையும் காலி என்றே சொல்லிவிட்டார். அப்புறம்தான் அவளுக்குப் பரஸ்தானம் ஞாபகம் வந்தது. புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், முன்னாடியே ஒரு நல்ல நேரத்தில் ஒரு பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. புறப்படும்போது போகிற வழியில் அந்தப் பையை எடுத்துக்கொண்டால் ஆயிற்று. கேட்டதும் சம்பந்தத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அட, இது தோணாம போச்சே! யார் வூட்ல வைக்கிறது?" என்று கேட்டார். வேறு யார் வீடு? ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் இருப்பது ரோஹிணி வீடுதான். எல்லாம் அவள் தலையில்தான் என்று சும்மாவா சொன்னேன்?

வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்குக் கிளியம்மாளே வந்து, மஞ்சள் தடவிய ஒரு துணிப்பையை ரோஹிணி வீட்டுப் பூஜை அலமாரியில் வைத்தாள். காபி குடித்தாள். "உன் மூஞ்சியே சரியில்லியேம்மா, தூங்குறதில்லியா?" என்று கேட்டாள். வேலை அதிகம் என்று ரோஹிணி சமாளித்தாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வந்து பையை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஒன்பது ஆயிற்று, ஒன்பதே கால் ஆயிற்று, வந்தபாடில்லை. ரோஹிணி போன் போட்டால் வெற்றிவேல் சாவகாசமாக, "அக்கா, நாங்க ஜிஎஸ்டி ரோட்லயே நேரா வந்துட்டோம். பொழிச்சலூர் உள்ள வந்தா டிராஃபிக்ல மாட்டிக்குவோம். அதான் பயணம் நேத்தே தொடங்கியாச்சேன்னு அப்பாவும் சொல்லிட்டாரு. பைல என்ன, அம்மாவோட ஒரு புடவை, மஞ்சள், அரிசி. ஊருக்குப் போயிட்டு வந்து எடுத்துக்கறோம்" என்றான். ரோஹிணிக்கு ஒரு வகையில் நிம்மதிதான். அரை நாள் லீவு போட்டிருந்தாள், ஆபீஸை சினேகா பார்த்துக்கொள்வாள். வீட்டைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பம்மல் வழியாக ஷேர் ஆட்டோவில் குரோம்பேட்டை போய்ச் சேர்ந்தாள்.

பத்து மணிக்குப் பணம் கட்டி, பச்சை அங்கியை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கையில் கொடுத்த சமயத்தில் போன் அடித்தது. வெற்றிவேல். பழைய சாவகாசம் இல்லை.

"அக்கா, பாஸ்போர்ட் அந்தப் பைல இருக்குக்கா!"

"எது?"

"நாலு பாஸ்போர்ட்டும்! அம்மா எடுத்து உள்ள வெச்சிருக்காங்க. இப்பதான் சொல்றாங்க!"

பின்னால் கிளியம்மாள் குரல் கேட்டது. "ஆமா வெச்சேன். போவ வேண்டியது அதானே? அது மொதல்ல கெளம்பனாத்தான நாம போவ முடியும்? வண்டில சொல்ல வாயத் தொறந்தேன், சும்மா கெடன்னு அடக்கிட்டே. என்னைய எவன் ஒரு வார்த்தை கேட்டீங்க?"

அவள் சொன்னதில் தப்பே சொல்ல முடியாது. பரஸ்தானத்துக்கு அதைவிடப் பொருத்தமான சாமான் எது?

"டிரைவர் உங்க வீட்டுக்குக் கெளம்பிட்டான்க்கா. நீங்க கதவைத் திறந்து குடுத்தா போதும். பத்தே முக்காலுக்குள்ள இங்க வந்துடணும்" என்றான் வெற்றிவேல்.

"நான் வீட்டுல இல்லையே."

"எங்க இருந்தாலும் ஒரு ஆட்டோ புடிச்சி வந்துடுங்கக்கா. ப்ளீஸ். அப்பாவ பாக்க முடியல, அப்படியே உக்காந்துட்டாரு."

ரோஹிணியின் கால்கள் அவளைக் கேட்காமலே எழுந்துவிட்டன. பதினொரு வருஷப் பழக்கம். மனசு தானாகக் கணக்குப் போட்டது. இங்கிருந்து வீட்டுக்கு இருபது நிமிஷம், திரும்ப இருபது. பதினொன்றுக்குள் வந்துவிடலாம். அங்கியை நாற்காலியில் வைத்துவிட்டு வாசல்வரை வந்தாள்.

"மேடம், எங்க போறீங்க?" வரவேற்புப் பெண் எழுந்து நின்றாள். "அடுத்தது நீங்கதான். இப்பப் போனா டோக்கன் போயிடும். அடுத்த வாரமும் அதுக்கடுத்த வாரமும் டாக்டர் லீவு. அப்புறம் தீபாவளி கழிச்சுத்தான்."

தீபாவளி கழித்து. அவள் கணக்கில் பிரேசில் ரேஸ். அதற்குப் பிறகு அபுதாபி. ரோஹிணி கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படி ஓர் அலுப்பு வந்தது பாருங்கள், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஊரார் விமானத்தையெல்லாம் நேரத்துக்கு அனுப்பியாயிற்று. தனக்கென்று ஒரு பத்தரை மணி, அதுவும் ஒருத்தரும் வேண்டாம் என்று விட்டுப்போன பத்தரை மணி, அதற்குக்கூடவா இத்தனை பேர்?

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? கெளம்பிட்டீங்களா?"

"வெற்றிவேல்," என்றாள். குரல் அவளுக்கே புதுசாக இருந்தது. "பூட்டை உடைச்சுக்கோங்க."

"அக்கா?"

"டிரைவர்கிட்ட சொல்லி உடைக்கச் சொல்லுங்க. ரெண்டாவது மாடி. பை பூஜை அலமாரில இருக்கு. நான் வர முடியாது."

பின்னால் கிளியம்மாள், "அய்யய்ய, அடுத்தவங்க வூட்டுக் கதவ ஒடைச்சிகினு போற பயணம் உருப்படுமாடா? அந்தப் பொண்ணுக்கு இன்னா கஷ்டமோ, கேளுடா மொதல்ல" என்று கத்துவது கேட்டது. அவன் கேட்பதற்குள் ரோஹிணி போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள். அவள் போனை அணைத்து எத்தனை வருஷமாயிற்றோ, அவளுக்கே தெரியாது. திரும்பி வந்து அங்கியை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே குளிர்ந்தது. லேடி டாக்டர் அதிகம் பேசாதவர். படம் எடுத்தார், திரும்ப எடுத்தார், இன்னொரு கருவியை வைத்து அழுத்தி மூன்றாவது தடவையும் பார்த்தார். 

"எவ்வளவு நாளா இருக்கு?"

"நாலு மாசம்."

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "என்னன்னு இப்பவே சொல்ல முடியாது. ஊசி போட்டு உள்ளேர்ந்து துளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். இன்னிக்கே எடுத்துடறது நல்லது, இதுக்கு மேல தள்ளாதீங்க. வீட்டுலேர்ந்து ஒருத்தர் கையெழுத்துப் போடணும். கூட யார் வந்திருக்கா?"

"யாரும் வரலை."

"யாருமேவா?"

 எட்டு சீட் விமானத்தில் ரோஹிணி எந்த சீட்டில் யார் என்று தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். தன் பக்கத்து நாற்காலியில் உட்கார ஓர் ஆளைச் சொல்லி வைக்கவில்லை. டாக்டர் கொடுத்த காகிதத்தோடு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மணி பதினொன்று நாற்பது. போனைத் திறந்தாள்.

சினேகாவிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: 'அக்கா, பதினொண்ணு எட்டுக்குக் கிளம்பிட்டாங்க, நாலு பேரும்.' அதற்குக் கீழே, போன் அணைந்திருந்தபோது கஸ்தூரிரங்கன் பதினேழு தடவை கூப்பிட்டதாகத் தகவல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினெட்டாவது அழைப்பு வந்தது.

"ரோஹிணி! எங்கே போய்த் தொலைஞ்சே நீ? வீட்டுல திருடன் புகுந்துட்டான்! கீழ் வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி போன் பண்ணினா. பெரிய கார்ல வந்து, கடப்பாரையால பட்டப்பகல்ல பூட்டை உடைச்சு, ஏதோ பையைத் தூக்கிண்டு போயிட்டானாம்! நான் ஆட்டோ பிடிச்சு வந்துண்டிருக்கேன், முடிச்சூர் தாண்டிட்டேன். போலீசுக்குச் சொல்லணும், பீரோவுல நகையெல்லாம்..."

"ஏன்னா, ஒண்ணும் திருடு போகலை. நான்தான் உடைக்கச் சொன்னேன்."

"நீயா? உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? சாவியை வெச்சுண்டு எங்கே இருக்கே இப்போ?"

ஆபீஸ் என்று சொல்லிவிடலாம். சொல் நாக்குநுனிவரை வந்தது. எத்தனை லேசு! அதைச் சொல்லிவிட்டால் அவர் நேரே வீட்டுக்குப் போவார், தச்சனைக் கூப்பிடுவார், சாயங்காலம்வரை கத்துவார். அத்தோடு முடிந்தது. கையிலிருந்த காகிதத்தில் 'உறவினர் கையொப்பம்' என்று போட்டு ஒரு கோடு காலியாக இருந்தது. 

"குரோம்பேட்டையில ஸ்கேன் எடுக்க வந்திருக்கேன்" என்றாள். "மார்ல கட்டி. நாலு மாசமா இருக்கு. உங்ககிட்டச் சொல்லலை. ஊசி போட்டு டெஸ்ட் பண்ணணுமாம், ஆத்துலேர்ந்து யாராவது கையெழுத்துப் போடணுமாம். யார் வந்திருக்கான்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியலை."

அந்தப் பக்கம் ஆட்டோ இரைச்சல். அதற்கு நடுவே மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அழாதீங்கோ. உங்களைத் தேத்த எனக்குத் தெம்பில்லை. நேரா இங்கே வாங்கோ."

"வரேன். இதோ வரேன்." ஆட்டோக்காரரிடம் குரோம்பேட்டைக்குத் திருப்பச் சொல்லி அவர் கத்துவது கேட்டது. உடனே, பாவம், மறுபடியும் தடுமாறினார். "ஆனா ரோஹிணி, ஆத்துக் கதவு அப்படியே திறந்து கிடக்கே?"

"கிடக்கட்டும்" என்றாள் ரோஹிணி.