வரப்பில் அழுதவர்

மனைவி ஜலஜா கொண்டுவந்து வைத்த காபி ஆடை படிந்து ஆறிப் போயிருந்தது. ஸ்ரீனிவாசராகவன் அதைத் தொடவே இல்லை. சமையலறையில் புது ஃபிரிட்ஜ் உறுமும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். செங்கல்பட்டுப் பக்கம் அவருக்கிருந்த நிலத்தில் டிசம்பர் புயலுக்கு நெல் மூழ்கியதற்காக அரசாங்கம் கொடுத்த நிவாரணம்தான் அப்படி ஃபிரிட்ஜாகி நின்றது.

நிலம் அவர் பெயரில் இருந்தது வாஸ்தவம். ஆனால் அதைக் குத்தகைக்கு எடுத்து, கடன் வாங்கி விதையும் உரமும் போட்டவள் தாயம்மா. மயிலாப்பூர் வீட்டில் உட்கார்ந்தபடியே 'சொந்தச் சாகுபடி' என்று கையெழுத்துப் போட்டிருந்தார் இவர். ஊரில் நடக்காததா என்று நினைத்தார். யாரோ மொட்டைக் கடுதாசி போட, இன்று தேனாம்பேட்டை அரசாங்க ஆபீஸில் விசாரணை. பொய் என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலைக்கே உலை வைத்துவிடும்.

"மெட்ராஸ்ல உக்காந்துண்டு உழுதேன்னு எழுதாதீங்கோன்னு தலைப்பாடா அடிச்சுண்டேன். கேட்டேளா?" என்றாள் ஜலஜா.

"இப்ப அதை ஆரம்பிக்காதே. தாயம்மா வந்துட்டாளா பாரு."

முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, வாசலில் காத்துக்கொண்டிருந்தாள் தாயம்மா. ஆட்டோவில் போகும்போதே அவளுக்குப் பாடம் நடந்தது.

"பயிர் வெக்கறது யாருன்னு கேட்டா?"

"நீங்கதான் சாமி."

"நீ?"

"கூலிக்குப் போறவ." முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு சொன்னாள். அவர் அதைக் கவனித்தும் கவனிக்காதவர் போல எல்டாம்ஸ் ரோடு நெரிசலைத் திட்டினார்.

விசாரணை அதிகாரி சுப்பராமன் அவரை விட்டுவிட்டு நேரே தாயம்மாவிடம் கேட்டார். "பயிர் வெக்கிறது யாரும்மா? பயப்படாம சொல்லுங்க."

"சாமிதான் சார். நான் கூலிக்குப் போறவ."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதிகாரி நம்பவில்லை என்று தோன்றியதோ என்னவோ, சொல்லிக் கொடுக்காததையும் சேர்த்துக்கொண்டாள். "புயலு ஓஞ்ச அன்னிக்கு வந்து பாத்தாரு சார். கதிரெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்குது. வரப்புல குந்திக்கினு அழுதாரு. வட்டிக்காரனுக்கு இன்னா பதில் சொல்றதுன்னு அழுதாரு..." குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுப்பராமன் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். ஸ்ரீனிவாசராகவன் நிம்மதியாக மூச்சு விட்டிருக்க வேண்டும். ஆனால், புயல் ஓய்ந்த அன்று கரண்ட் இல்லை, டி.வி. பார்க்க முடியவில்லை என்று தான் ஜலஜாவிடம் எரிந்து விழுந்தது ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எழுதாதீங்கோ சார். அழுதது நான் இல்லை. இவதான். பயிரும் இவளோடது."

தாயம்மா பதறிப் போனாள். "வோணாம் சாமி! என்னியக் குத்தகைக்காரின்னு சொல்லிட்டு, அப்பறம் நெலத்த வேற ஆளுக்கு வுட்டுட்டீங்கன்னா நான் எங்க போவேன்?"

இந்தப் பயத்தை நம்பித்தானே பொய்க் கையெழுத்துப் போட்டோம் என்று அவருக்கு உறைத்தது. "யாருக்கும் விடமாட்டேன் தாயம்மா. குத்தகைக்காரின்னு உன் பேரையே பதிஞ்சுடறேன். சார் முன்னாடியே சொல்றேன்."

சுப்பராமன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நான் மேல எழுதித்தான் ஆகணும் சார். உங்க வேலைக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

தெரியும். நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எழுதுங்கோ. ஃபிரிட்ஜை வித்தாவது பணத்தைக் கட்டிடறேன். நிலம் யார் பேர்லன்னு மட்டும் பார்த்து நீங்க குடுத்தேள், நானும் கூசாம வாங்கிண்டேன். இனிமே யாரோட பயிர் அழிஞ்சதுன்னு பார்த்துக் குடுங்கோ. பாடுபட்டவாளுக்கு வர்ற பணத்தை நிலக்காரன் வாங்கிண்டா, அது பச்சைத் திருட்டு சார்."

சுப்பராமன் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

"உங்க முழுப் பேரைச் சொல்லுங்கம்மா."