தலை உள்ளே, வால் வெளியே

பண்ணைக்காரர் தன் மாடுகளுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொண்டு, அடுத்த கோடை முடியும்வரை வெளியே வரவில்லை. அந்த வருடம் பால் விலை கொஞ்சம் ஏறியிருந்தது.

ஈயைக் கொல்லும் மருந்து ஏற்றிய வில்லைகளை மாடுகளின் காதில் மாட்டுவது அங்கே எல்லோருக்கும் வழக்கம். குளிர் தொடங்கியதும் அவற்றை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று கால்நடை மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பண்ணைக்காரருக்குச் சோம்பல் கூடப்பிறந்தது. காதில் கிடந்தால் என்ன, கடிக்கவா போகிறது என்று அப்படியே விட்டுவிட்டார். வில்லையில் மருந்து மெலிய மெலிய, அதற்குச் சாகாத ஈக்கள் பெருகின; கடைசியில் வில்லையின் மேலேயே உட்கார்ந்து இளைப்பாறின. தொழுவத்துக்குப் பின்னால் அவர் குவித்து வைத்திருந்த ஈர வைக்கோல் வேறு அவற்றுக்குப் பிரசவ அறையாகிவிட்டது. ஒரு கோடை மதியம் ஈக்கள் கூரைபோல இறங்கின. மாடுகள் கடி தாங்காமல், தலை உள்ளேயும் வால் வெளியேயுமாக நெருக்கியடித்து வட்டமாக நின்றன. இனியாவது வில்லைகளை வெட்டிவிடலாம் என்று அவர் கத்தரியோடு உள்ளே நுழைந்தார். அவருக்குப் பின்னால் வட்டம் மூடிக்கொண்டது.

அவர் மனைவி ஓடிப்போய் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவந்தாள். அவர்கள் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தும் ஒரு குளம்புகூட அசையவில்லை. வேறு வழியில்லாமல் அவள் தீனியையும் புருஷனுக்கான சோற்றுப் பொட்டலத்தையும் மாட்டு முதுகுகளுக்கு மேலாக வீசினாள். மடி வெளிப்பக்கம் இருந்ததால் கறவை மட்டும் தடைபடவில்லை. உள்ளிருந்து கத்தரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏங்க, இன்னும் எத்தனை இருக்கு?" என்று தினமும் கேட்பாள்.

"இன்னும் ஒண்ணுதான் இருக்கு" என்று தினமும் பதில் வரும்.

குளிர் வந்தும் ஈக்கள் போகவில்லை. அவர் குரலில் கொஞ்சம் கொஞ்சமாக ரீங்காரம் சேர்ந்தது. பேசுவது அப்பாதானா என்று மகள் கேட்டபோது, ஆமாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது.

ஈயை வானத்தில் தேடாதே, பிறக்கிற இடத்தில் தேடு என்றார் மருத்துவர். அவள் வைக்கோல் குவியலைக் கலைத்து வெயிலில் பரப்பினாள், அடியில் அழுகிக் கிடந்ததை எரித்தாள், சாணத்தை மெல்லியதாக இழுத்துக் காயவிட்டாள். கை புண்ணானது. கோடை முடிவில் ஈக்கள் குறைந்து, மாடுகள் ஒவ்வொன்றாகக் கலைந்து மேயப் போயின. எந்தக் காதிலும் வில்லை இல்லை. நடுவில் அவர் நின்றிருந்தார், உடம்பில் ஒரு கடிகூட இல்லாமல்.

மிச்சமிருந்த ஒன்று அவர் காதில் இருந்தது. யார் மாட்டியது என்று அவள் கேட்கவில்லை, பயம். வெட்டப் போனால் அவர் மாடுபோலத் தலையைத் திருப்பிக்கொள்வார்.

இப்போது அவர் நன்றாகச் சாப்பிடுகிறார், பண்ணையையும் ஒழுங்காகப் பார்க்கிறார். வீட்டுக்குள் ஒரு ஈ வந்துவிட்டால் மட்டும் மூவரும் அறையின் நடுவே தலைகளைச் சேர்த்து, முதுகை வெளியே காட்டி நிற்கிறார்கள். மனைவியின் பிடரியில் ஏதோ வந்து உட்காரும். அவள் அசையமாட்டாள்.

"போயிடுச்சாப்பா?" என்பாள் மகள்.

"இன்னும் ஒண்ணுதான் இருக்கு" என்பார் அவர். சரி என்று அவர்கள் நிற்கிறார்கள்.