மெல்லத் தள்ள வேண்டிய குழாய்

வெளியே முழங்கால் உயரப் பனி. உள்ளே, கண்ணாடி உலையின் கூரைமேல், எங்கள் பூட்ஸின் அடி இளகிக்கொண்டிருந்தது. விடியுமுன்னே ஏறிவிட்டோம். கீழே ஆயிரத்தைந்நூறு டிகிரியில் கண்ணாடிக் குழம்பு. அதன் சூட்டை அளக்கும் பிளாட்டினக் கம்பியை ஆவி அரித்துவிடாதபடி வெள்ளைப் பீங்கான் குழாயொன்று காக்கும். துளி அழுக்கும் கலவாத பீங்கான். அமிலம், ஆவி, தீ எல்லாவற்றையும் தாங்கும். அவசரத்தை மட்டும் தாங்காது. சட்டென்று செருகினால் வெடிக்கும்.

ஆகவே எங்கள் ஸ்வீடன் ஆலையில் ஒரு வழக்கம்: கட்டைவிரல் அகலம் தள்ளு, ஒரு கோப்பை காப்பி குடி, மறுபடி தள்ளு.

புதிய நிர்வாகி ஸ்டாஃபானின் கண்ணில் பட்டது காப்பி மட்டும்தான். எங்களில் ஒருவன் என்று காட்டிக்கொள்ள, மடிப்புக் கலையாத நீல வேலைச்சட்டையில் ஏறி வந்தான். இங்கே முதலாளியையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவோம். சமத்துவம் அந்த ஒரு சொல்லோடு தன் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும்.

"ஒரு குழாய் போட அரை நாளா? சுற்றுலாவா வந்திருக்கீங்க?"

"அதைக் குழாய்கிட்டக் கேளு. அதுதான் நேரம் கேக்குது," என்றாள் தூலிக்கி. பின்லாந்துக்காரி, இந்தக் கூரையில் எங்கள் எல்லாருக்கும் மூத்தவள்.

"இனிமே ஒரே தள்ளு. நாமெல்லாம் ஒரே குடும்பம், புரியுதா?"

"வெடிக்கும் ஸ்டாஃபான்."

"வெடிச்சா என் பொறுப்பு. மாட்டேன்னா கிளம்பு."

தூலிக்கி தள்ளினாள். காய்ந்த சுள்ளி முறிந்தாற்போல் ஒரு சத்தம். துளை வழியே தீநாக்கும் சிவந்த சில்லுகளும் பாய்ந்தன. அவள் கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிற்று. அவளை இறக்கிக் கொண்டுபோன பிறகும் கருகிய கம்பளியின் நாற்றம் கூரையிலேயே நின்றது.

நண்பகலில் ஸ்டாஃபான் எங்களை உணவறையில் கூட்டினான். மேசையில் ஏலக்காய் பன்கள். துயரத்தைப் பகிர்ந்துகொள்ளவாம்.

"தூலிக்கி கவனக்குறைவா இருந்துட்டா. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இனிமே அவ இங்க வேலை செய்ய முடியாது."

காலையில் அவனிடமிருந்த பொறுப்பு, நண்பகலுக்குள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மாற்றலாகியிருந்தது.

"அடுத்த குழாயை ரக்னார் போடட்டும். சூடு தெரியாம உலை குருடா ஓடுது."

"நீ போடேன்," என்றான் ரக்னார். "குடும்பத் தலைவன் நீதானே? கவனமும் உனக்குத்தான் ஜாஸ்தி."

"அது என் வேலை இல்ல."

"தள்ளச் சொல்றது மட்டும் உன் வேலையா?"

"நீயும் வீட்டுக்குப் போகலாம், ரக்னார்."

ஹில்லெவி எழுந்தாள். நாங்கள் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதி. "யாரும் போக வேணாம். நான் அந்த வேலையை நிறுத்தறேன். ஆபத்துன்னா நிறுத்த எனக்குச் சட்டம் இடம் குடுக்குது. அரசு ஆய்வாளர் வர்ற வரைக்கும் அந்தத் துளை பக்கம் ஒரு கையும் போகாது."

"உலை ஆறினா அதோட சுவர்க் கல் பிளக்கும்! கம்பெனியே மூழ்கும்!"

"ஆற விட மாட்டோம். தீயைப் பாத்துக்கறோம். ஆனா சூடு தெரியாம வர்ற கண்ணாடி பூராவும் குமிழிதான், அதை நீ யாருக்கு வேணா வித்துக்கோ. தூலிக்கி வேலைக்குத் திரும்பணும். கூரைமேல அவ சொல்ற வேகம்தான். ரெண்டும் நடந்தாத்தான் குழாய் உள்ள போகும்."

ஸ்டாஃபான் சிரித்தான். "மதிய ஷிப்ட் வருது. அவங்க போடுவாங்க."

கதவு திறந்தது. பூட்ஸில் பனியோடு மதிய ஷிப்ட் ஆட்கள் உள்ளே வந்தார்கள். அவன் முகம் மலர்ந்தது. "வாங்க, வாங்க! கூரைமேல யார் போறீங்க?"

முன்னால் வந்த போர்யே தொப்பியைக் கழற்றினான். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றோம். தூலிக்கி கையைப் பாத்துட்டு." அவ்வளவுதான் சொன்னான். பன் தட்டை ஸ்டாஃபான் பக்கம் நகர்த்திவிட்டு எங்களோடு உட்கார்ந்தான். அவன் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

ஸ்டாஃபான் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டான். அங்கே என்ன முடிவெடுப்பார்களோ, எங்களுக்குத் தெரியாது.

பெஞ்சில் இடம் போதவில்லை. நெருங்கி உட்கார்ந்தோம்.